துவோல் சிலெங் கைதிப் படங்கள்

கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில், 1975–79 கெமர் ரூஜ் ஆட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயங்கிய எஸ்-21 சிறையின் காவலர்கள் எடுத்த படங்கள். ஐயாயிரத்துக்கு மேற்பட்டவை எஞ்சியுள்ளன. ஆண்கள், பெண்கள், கைக்குழந்தையுடன் தாய்மார், சிறுவர் என எல்லோரும் கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். பதிவுக்காக எடுக்கப்பட்ட இப்படங்களில் உள்ளவர்களில் ஏறத்தாழ எவரும் உயிர்பிழைக்கவில்லை. யாரும் இசைவு தந்து நிற்கவில்லை; படம் பிடித்ததே கொலைகாரர்களின் கை. காட்சிப்படுத்துவதன் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

அச்சிறை இன்று துவோல் சிலெங் இனப்படுகொலை அருங்காட்சியகம். காணாமற்போன உறவினரின் முகத்தைத் தேடி இப்படங்கள் தொங்கும் சுவர்களின் முன் வந்து நின்ற குடும்பங்கள் பல. அவர்களுக்கு இப்படமே கடைசிச் சான்று. ஆகவே இங்கே காட்டுவதற்கு வலுவான நியாயம் உண்டு. 1997இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 22 படங்களைத் தொங்கவிட்டபோது நிலை வேறு. பெயரும் போதிய பின்னணியும் இன்றிக் கலைக்கூடத்தில் வைத்ததால், பலியானவர்கள் அழகியல் பொருளாக்கப்பட்டனர் என்ற கண்டனம் எழுந்தது. அது நியாயமான கண்டனமே.

இப்படங்கள் உள்ளிட்ட சிறையின் ஆவணங்கள் 2009இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. 2021இல் ஓர் இணைய இதழ், வண்ணம் பூசி, சில முகங்களில் புன்னகையையும் சேர்த்த கைதிப் படங்களை வெளியிட்டது. அது இறந்தோருக்கு இழைத்த கொடுமை. கம்போடியப் பண்பாட்டு அமைச்சகம் எதிர்ப்புத் தெரிவித்தது, படங்கள் நீக்கப்பட்டன.