மலையகத் தோட்டங்களில் திருச்சபையின் தொண்டு

தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனையைக் கடந்து மேலேறும் பாதை, ஓட்டன் சமவெளியின் அடிவாரத்தில் அமைந்த டயகமவைச் சென்றடைகிறது. அங்கே லயங்களில் வாழும் தமிழ் மக்களின் வரலாறு கோப்பிக் காலத்திலிருந்தே தொடங்குவதாகும். தென்னிந்தியக் கிராமங்களில் வறுமையுற்ற உழவர் பலர், கங்காணிமாரின் சொல்லை நம்பிக் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் வழியிலேயே இரையானோர் பலராவர்.

இம்மக்களை நாடி 1854ஆம் ஆண்டில் கண்டியில் தோன்றியதே ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்னும் அமைப்பு. ஆங்கிலிக்கத் திருச்சபையைச் சார்ந்த சீ.எம்.எஸ். சங்கம் குருமாரை அனுப்பிற்று. உபதேசியார் செலவுக்குத் தோட்டத் துரைமார் பொருளுதவி செய்தனர். திருநெல்வேலியில் பணியாற்றிய செப்டிமஸ் ஹொப்ஸ் என்னும் குரு, ஆரம்பகாலத்தில் இதனை நடத்தினார். திருநெல்வேலித் திருச்சபையினின்றும் தமிழ் உபதேசியார் வந்து சேர்ந்தனர்.

மொழி ஒன்றாதலின் உபதேசியார் தொழிலாளரோடு எளிதிற் பழகினர். வேதத்தைப் போதித்ததோடு, பிள்ளைகளுக்கு எழுத்தும் கற்பித்தனர். தோட்டத்துப் பிள்ளைகளின் கல்விக்கு நிர்வாகமே பொறுப்பென 1907ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்குமுன்னரே இப்பணி தொடங்கிவிட்டது என்பது சிறப்பாகக் கருதத்தக்கது. மாரியம்மனை வணங்கிய பெரும்பாலோர் தம் சமயத்திலேயே நிலைத்தனர். ஆயினும் எழுத்தறிவின் பயன் பல குடும்பங்களுக்குக் கிட்டிற்று.

எனினும் இத்தொண்டுக்கு ஓர் எல்லை இருந்தது. துரையின் அனுமதியின்றி உபதேசியார் தோட்டத்திற்குள் நுழைதல் இயலாது. அவரது ஊதியமும் துரைமாரின் நன்கொடையையே நம்பியிருந்தது. தொழிலாளியோ முன்பணக் கடனாற் கட்டுண்டு கிடந்தான். அக்கடனைத் தோட்டத்துக்குத் தோட்டம் தொடரச் செய்த ‘துண்டு’ முறை 1921இலேயே ஒழிந்தது. ஆன்மாவுக்கு ஆறுதல் கூறுவோர் கூலியைப் பற்றியும் பேசலாகுமோ? இவ்வினா நெடுங்காலம் விடையின்றி நின்றது.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டுமென வகுத்தது. உறவுகள் பிரிந்தன. லயங்களிற் பிறந்தோர் தாம் காணாத ஊருக்குக் கப்பலேறினர்.

இத்துயரின் நடுவே, திருச்சபையாருட் சிலர் பழைய எல்லையைக் கடந்தனர். இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ், 1972இல் கண்டியில் ‘சத்யோதய’ என்னும் நிலையத்தை நிறுவினார். சிங்களரும் தமிழரும் அங்கு ஒருங்கே பணியாற்றினர். தோட்ட மக்களின் குடியுரிமை, கூலி, வீடு என்பன அங்கு அறத்தின் வினாக்களாகவே ஆராயப்பட்டன. நாடற்றவராய் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறிற்று. மக்களின் நீண்ட போராட்டமே அதன் அடிப்படை. துணைநின்ற குரல்களுள் திருச்சபையாரின் குரலும் ஒன்று.

உபதேசியார் கற்பித்த எழுத்து, பின்னாளில் விண்ணப்பமாகவும் உரிமைக் கோரிக்கையாகவும் தொழிலாளர் கையிலேயே உருப்பெற்றது. அத்தொண்டு விளைத்த பயன்களுள் நிலைத்து நின்றது இதுவே எனலாம்.