குவி மீயொலி இரத்த உறைவு நீக்கி

சிரைகளில், குறிப்பாகத் தொடைச் சிரையில், உறைந்து நிற்கும் இரத்தக் கட்டியை உடலுக்கு வெளியிலிருந்து செலுத்தும் ஒலியலைகளால் சிதைக்கும் கருவி. இதன் அடிப்படையான, ஒலித் துடிப்புகளால் திசுவைச் சிதைக்கும் ஹிஸ்டோட்ரிப்சி முறை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2000-களில் உருவானது. கட்டி பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ஹெப்பாரின் போன்ற மருந்துகள் உறைவு வளராமல் தடுக்குமே தவிர அதைக் கரைப்பதில்லை. உறைவைக் கரைக்கும் மருந்துகளால் இரத்தக்கசிவு நேரலாம்.

செயல்பாடு: சில மைக்ரோநொடிகளே நீடிக்கும் வலுவான துடிப்புகள், ஒலி குவியும் இடமான குவியத்தில் நுண்குமிழிகளை உண்டாக்குகின்றன. அவை விரிந்து சுருங்கும் விசையில் கட்டி நுண்துகள்களாகிறது. நீர் மிகுந்த திசுவில் ஒரே துடிப்பில் குமிழி தோன்ற ஏறத்தாழ 25–30 மெகாபாஸ்கல் எதிர்மறை அழுத்தம் தேவை. துடிப்புகளுக்கிடையே போதிய இடைவெளி விடுவதால் திசு சூடாவதில்லை.

வடிவமைப்பு: பீசோமின் பீங்கான் துண்டுகள் கிண்ண வடிவில் பொருத்தப்படுகின்றன. நடுத்துளையில் அமையும் ஸ்கேன் கருவி, கட்டியையும் குமிழித் திரளையும் உடனுக்குடன் காட்டும். தோலுக்கும் கருவிக்கும் இடையே காற்று புகாமல் வாயு நீக்கிய நீர் நிரப்பப்படும். 1 மெகாஹெர்ட்ஸில் திசுவில் அலைநீளம் சுமார் 1.5 மில்லிமீட்டர். குவியம் சிரையின் விட்டத்துக்குள் அடங்காவிட்டால் சிரைச்சுவர் காயப்படலாம். அதிர்வெண்ணைக் கூட்டினால் குவியம் சிறுக்கும்; ஆனால் ஆழத்துக்குச் செல்வதற்குள் ஆற்றல் கரையும். எலும்பும் ஒலியை மறிக்கும்.

நிலை: பன்றிகளின் தொடைச் சிரைகளில் இம்முறை சோதிக்கப்பட்டுள்ளது. கல்லீரல் கழலைகளுக்கான ஹிஸ்டோட்ரிப்சி கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023-இல் அனுமதி அளித்தது.