வராத பிள்ளையின் வரலாறு

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், ரோமாபுரியின் சான் லொறென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் ஓர் அறை திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் படிக்கட்டுகளில் திரிந்து சுவர்களைப் பாழாக்கிய சிறுவர்களை ஓரிடத்தில் வைத்துக் கவனித்தால் பழுதுபார்க்கும் செலவு குறையும் என்பது கட்டடச் சொந்தக்காரர்களின் கணக்கு. அதே 1907இல் இலங்கையில் கிராமப் பாடசாலைச் சட்டம் பிறந்தது. ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்விக்கு வழி செய்வது தோட்ட உரிமையாளரின் கடமை என்று அது விதித்தது. ரோமாபுரியிலும் ஊவாவிலும் கதவைத் திறந்தது முதலாளியின் கை. உள்ளே வந்தது உழைப்பாளியின் பிள்ளை. ஆயினும் முன்னது உலகக் கல்வி வரலாற்றில் ஓர் அத்தியாயமாயிற்று. பின்னது லயத்தின் ஓர் ஓரத்தில் ஒடுங்கிப் போயிற்று. இதற்குக் காரணம் என்ன?

சான் லொறென்சோவின் அறை மரியா மொண்டிசோரி என்னும் மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், ‘மந்தபுத்திக்காரர்’ என ஒதுக்கப்பட்ட குழந்தைகளோடு அவர் உழைத்திருந்தார். இத்தார், செகன் என்னும் பிரெஞ்சு அறிஞர்களின் வழியில் நின்று, தொட்டும் தடவியும் அடுக்கியும் கற்கும் கருவிகளை அமைத்தார். அக்குழந்தைகளுட் சிலர் பொதுத் தேர்விலேயே தேறினர். எல்லோரும் அவரைப் புகழ்ந்தபோது அவர் மனத்தில் எழுந்த கேள்வி வேறு: இவர்களோடு சமமாக மட்டுமே நிற்கும்படி நலமுள்ள பிள்ளைகளைக் கட்டிவைத்திருக்கும் பள்ளிகளில் என்ன குறை? குறையைப் பிள்ளையிடம் தேடாமல் பள்ளியிடம் தேடிய அக்கேள்வியே சான் லொறென்சோவின் அத்திவாரம்.

ஊவாவின் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அக்கேள்விக்கு இடமிருக்கவில்லை. ஒரே அறை, ஒரே ஆசிரியர், பல வகுப்புகள். சேர்ந்து உரத்துச் சொல்வதே பாடம். வரவு இடாப்பே பள்ளியின் உயிர். பத்து வயது நிரம்பிய பிள்ளைக்குக் கொழுந்து மலை காத்திருந்தது. பசறை, லுணுகலைத் தேயிலை மலைகளிலும், மொனராகலையின் இறப்பர்த் தோட்டங்களிலும் பள்ளிக்கு வர மறுத்த பிள்ளைக்கு ‘மக்கு’, ‘பிடிவாதக்காரன்’, ‘காத்துக் கறுப்பு அண்டினவள்’ என்ற பெயர்களே கிடைத்தன. இடாப்பில் ஒரு கோடு விழுந்தது. அத்தோடு அப்பிள்ளையின் வரலாறு முடிந்தது.

அறிவியல் மெல்ல நடந்து வந்தது. 1920களில் மொஸ்கோவில் சுகரேவா என்னும் பெண் மருத்துவரும், 1943இல் அமெரிக்காவில் லியோ கன்னரும், பின்னாளில் ஓட்டிசம் எனப்பட்ட இயல்பை விரித்தெழுதினர். எழுத்துக்களைப் பிரித்தறிய இடர்ப்படும் பிள்ளை, ஓரிடத்தில் அமர இயலாத பிள்ளை, ஓசையையும் நெரிசலையும் தாங்க முடியாத பிள்ளை என்று மனித மூளையின் அமைப்பே பலவகை என்பது 1990களின் இறுதியில் ஓர் உரிமைக் கருத்தாகவே வடிவெடுத்தது. வடகீழ்ப் பருவமழை தகரக் கூரையில் அறையும்போது நமக்கு அது மழை; இத்தகைய பிள்ளை ஒன்றுக்கு அது தலைமேல் விழும் அடி. காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும் அந்தப் பிள்ளை பெரும்பாலும் பொய் சொல்லவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பள்ளிக்கு வராத ஒவ்வொரு பிள்ளையும் இவ்வகையினர் அல்லர். பசியும், காட்டு வழியும், தமிழாசிரியர் இன்மையும், தாயின் நாட்கூலியும் பிள்ளைகளைத் தடுக்கின்றன. கூலிப் பிரச்சினையை மருத்துவப் பெயர் சூட்டி மறைக்க நாம் ஒருபோதும் துணைபோகலாகாது. ஆனால் ‘எல்லாம் வறுமைதான்’ என்று சொல்லிவிட்டு, உள்ளுக்குள் வேறொரு வேதனைப்படும் பிள்ளையைக் காணாதிருப்பதும் அநீதியே. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு நிபுணர் கிடைக்கிறார். லயத்துப் பிள்ளைக்குப் பிரம்பு கிடைக்கிறது. வர்க்க பேதம் இங்கும் நிற்கிறது.

சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிகள் துரைமாரின் கையிலேயே விடப்பட்டன. 1948இன் குடியுரிமைச் சட்டம் பெற்றோரை நாடற்றவராக்கியது. 1970களில் தோட்டங்கள் நாட்டுடைமையானதை ஒட்டியே அப்பள்ளிகள் படிப்படியாக அரசிடம் வரத் தொடங்கின. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உடற்குறை, உளக்குறை காரணமாகப் பள்ளியில் இடம் மறுத்தலைத் தடுத்தது. 1998 முதல் 5 வயதிலிருந்து 14 வயது வரையும், 2016இல் 16 வயது வரையும் பள்ளி வரவு கட்டாயமாயிற்று. பிள்ளை வரவேண்டுமென்று கட்டாயப்படுத்திய அரசு, அப்பிள்ளை தாங்கத்தக்கதாகப் பள்ளி இருக்கவேண்டுமென்பதில் அத்தனை உறுதி காட்டவில்லை.

1944இல் மொண்டிசோரி அம்மையார் இலங்கைக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஏழைத் தொழிலாளர் பிள்ளைகளிடையே வளர்ந்த அந்த முறை, இன்று நம் நகரங்களில் கட்டணம் வாங்கும் பாலர் பள்ளியின் பெயர்ப்பலகையாகிவிட்டது. அது சேரவேண்டிய இடமோ தோட்டத்துப் பிள்ளை மடுவம்.

தோட்டத்தில் கலைக்கு வறுமையுமில்லை. மாசியில் காமன் கூத்து ஆடும் மக்கள் அவர்கள். பொன்னர் சங்கர் கதையையும் அருச்சுனன் தபசையும் ஏட்டறிவு இல்லாதவரும் இரவிரவாக நடத்தினர். கூத்தின் பயிற்சி முறையை ஆசிரியர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். அங்கே பார்த்தும் கேட்டும் செய்தும் கற்கிறார்கள். ரதியாக ஆட இயலாதவன் பந்தம் பிடிப்பான். பாட வராதவன் ஒப்பனைக்கு உதவுவான். எவருக்கும் ஓர் இடம் உண்டு. தப்பின் முழக்கம் ஒரு பிள்ளையைத் துள்ள வைக்கும். இன்னொரு பிள்ளையைக் காதைப் பொத்தி ஓட வைக்கும். பின்னவனுக்குக் களிமண்ணும் வண்ணக் கட்டியும் அமைதியான ஒரு மூலையும் வேண்டும். கலை மருந்தன்று, அது பிள்ளை உள்ளே வருவதற்கான வாசல்.

இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை என்று சொல்லி அரசின் கடமையை நாம் தள்ளுபடி செய்யவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியரும், தமிழில் பேசி ஆராயும் மருத்துவரும் மொனராகலைக்கும் உரியவர்கள். அவற்றைக் கேட்டுப் போராடுவது தொழிற்சங்கத்தின் வேலையுமாகும். ஆனால் நாளைக் காலை இடாப்பைத் திறக்கும் ஆசிரியர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தொடர்ந்து கோடு விழுந்த பெயரின் எதிரே அவர் நிற்கட்டும். பின்னேரம் லயத்துக்குச் செல்லட்டும். “ஏன் வரவில்லை?” என்ற அதட்டலை விடுத்து, “எங்கள் பள்ளிக்கூடத்தில் உனக்கு எது தாங்கவில்லை?” என்று கேட்கட்டும். முதலில் ஒரு மணி நேரம் வந்து, படம் வரைந்துவிட்டுப் போகட்டும் அந்தப் பிள்ளை.

1907இல் இங்கே கேட்கப்படாத கேள்வி அது. நூறாண்டு கடந்தும் அதற்கான விடை லயத்து வாசலிலேதான் காத்துக் கிடக்கிறது.