குடியேறிய காரம்



கொல்கத்தா நகரின் வீதியோரக் கடைகளில் நூடுல்ஸும் முட்டை ரோலும் உண்போர், அவற்றின்மேல் கடைக்காரர் தெளிக்கும் பச்சை நிறக் குழம்பை அறிவர். பச்சை மிளகாய் சாஸ் என்பது அதன் பெயர். அந்தப் புட்டிக்குள் ஐந்நூறு ஆண்டுக் கடற்பயணம் ஒன்றும், ஒரு சிறுபான்மை மக்களின் வரலாறும் அடங்கியிருக்கின்றன. அவற்றைச் சிறிது ஆராய்வோம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்குப் பொருளைவிட அதன் பெயரே முதலில் கண்ணிற்படும். மிளகாய் என்னும் சொல், மிளகு, காய் என்னும் இரு சொற்கள் சேர்ந்து பிறந்தது. புதிதாக வந்த காய்க்குப் பழகிய மிளகின் பெயரையே நம் முன்னோர் இட்டு வழங்கினர். சங்க காலத்து யவனர் பொன்னொடு வந்து முசிறித் துறையிலிருந்து ஏற்றிச் சென்றது மிளகேயாகும். மிளகாயை அக்காலத்துத் தமிழர் கண்டதில்லை. வங்காளியர் இதனை லங்கா என்பர். கடலுக்கு அப்பாலிருந்து, இலங்கைத் திசையிலிருந்து வந்த பொருள் என்னும் எண்ணம் அப்பெயரில் உறைந்திருப்பதாகக் கூறுவதுண்டு. சீனரோ தொடக்கத்தில் 'அயல்நாட்டு மிளகு' என்றே குறித்தனர். 1591ஆம் ஆண்டைச் சேர்ந்த சீன நூல் ஒன்றில் இப்பெயர் காணப்படுகிறது. மூன்று மொழிகளும் இச்செடி வெளியூர் விருந்தாளி என்றே சான்று கூறுகின்றன.

மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1493ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கொலம்பஸ் தமது நாட்குறிப்பில் இதனைக் குறிப்பிட்டு, மிளகினும் மேலானது என்று பாராட்டியிருக்கிறார். போர்த்துக்கீசியர் 1510இல் கோவாவைக் கைப்பற்றினர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்காளத்து ஹூக்ளியிலும் குடியேறினர். அவர்களுடைய கப்பல்களே மிளகாயை இந்நாட்டிற்குக் கொணர்ந்தன என்பது வரலாற்றாசிரியர் பலரின் துணிபு. 1632இல் ஷாஜஹானின் படை ஹூக்ளியைக் கைப்பற்றிப் போர்த்துக்கீசியரின் செல்வாக்கை ஒடுக்கியது. ஆனால், அவர்கள் கொணர்ந்த காயை எந்தப் படையாலும் ஒடுக்க இயலவில்லை.

அதற்கு முன்பு வங்காளத்தின் காரம் மிளகு, திப்பிலி, இஞ்சி, கடுகு ஆகியவற்றையே சார்ந்திருந்தது. கடுகை அரைத்துச் செய்யும் கசுந்தி என்னும் காரச் சாந்து இன்றும் அங்கு விருப்பத்துடன் உண்ணப்படுகிறது. அட்சய திருதியை நாளில் பெண்கள் நீராடி, கடுகைக் கழுவி, நியமத்துடன் கசுந்தி செய்வது பழைய வழக்கம். ஆகவே, காரத்தை வீட்டிலேயே அரைத்து, சாடியில் சேமித்துச் சிறிது சிறிதாகத் தொட்டு உண்ணும் பழக்கம் வங்காளிக்குப் புதியதன்று. சோற்றுடன் பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்வதும் பின்னாளில் அவர்களது இயல்பாயிற்று.

மிளகாய் இவ்வளவு எளிதில் வேரூன்றியதற்கு இயற்கையும் காரணம். அதன் காரத்திற்கு மூலமான கேப்சைசின் என்னும் பொருள், விதைகளைத் தாங்கும் வெண்மையான உட்தசையில் மிகுதியாக உண்டு. பாலூட்டிகளின் வாயை அது எரிக்கும். பறவைகளோ அதனை உணர்வதில்லை. பறவைகள் பழத்தை உண்டு விதைகளைத் தொலைவில் எச்சமிட, செடி பரவுகிறது. மாடித் தொட்டியில் சிறிது மண்ணும் நல்ல வெயிலும், நீர் தேங்காத வடிகாலும் இருந்தால் போதும், அது காய்க்கும். காரத்தை அளக்கும் முறையை 1912இல் அமெரிக்க மருந்தியலார் ஸ்கோவில் வகுத்தார். அந்த அளவையில் பத்து லட்சத்தைக் கடந்த அஸ்ஸாமியப் பூத் ஜொலோகியா, 2007இல் உலகிலேயே மிகக் காரமானது என்று கின்னஸ் பதிவில் இடம் பெற்றது. வந்த நாட்டில் இச்செடி அடைந்த பெருமைக்கு இது சான்று.

இனி அதனைப் புட்டியில் அடைத்தவர்களைப் பற்றிக் கூறுவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாரன் ஹேஸ்டிங்ஸ் ஆட்சியில், சீனர் ஒருவர் கல்கத்தாவுக்குத் தெற்கே ஹூக்ளிக் கரையில் நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை நிறுவினார். அவருடைய பெயரால் அவ்வூர் இன்றும் அச்சிப்பூர் எனப்படுகிறது. பின்னர் வந்த சீனர் திரெட்டா பஜாரிலும், தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போன தாங்ராவிலும் வாழ்ந்தனர். 1954இல் சிங் சியுங், 1958இல் பௌ சோங் எனச் சீனக் குடும்பங்களின் சாஸ் தொழிலகங்கள் தோன்றின. வங்காளி விரும்பும் பச்சை மிளகாயும் சீனர் கையாளும் புளிக்காடியும் அங்கே ஒன்று சேர்ந்தன.

இதனை வீட்டிலும் செய்யலாம். மிளகாயைக் கழுவி, ஈரமறத் துடைத்து, காம்பு நீக்கி, இஞ்சி, பூண்டு, உப்புடன் அரைத்துப் புளிக்காடியில் சிறிது கொதிக்கவிட்டு, உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் இட வேண்டும். காடியின் புளிப்பும் உப்பும் கிருமிகள் வளராமல் தடுக்கும். அரைத்த கை எரிந்தால் வெறும் நீர் பயன்படாது. கேப்சைசின் எண்ணெயிலேயே கரையுமாதலால், முதலில் எண்ணெய் தடவிப் பின்பு சோப்பிட்டுக் கழுவுதல் நலம்.

இத்தொழில் வேரூன்றிய சில ஆண்டுகளில் 1962ஆம் ஆண்டின் இந்திய-சீனப் போர் மூண்டது. சீன வமிசத்தவர் ஏறத்தாழ மூவாயிரம் பேர், பெரும்பாலும் அஸ்ஸாம், வடவங்காளப் பகுதிகளிலிருந்து பிடிக்கப்பட்டு, இராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் இந்நாட்டிலேயே பிறந்தவர் பலர், குழந்தைகளும் உண்டு. 1967 வரையில்கூடச் சிலர் விடுதலை பெறவில்லை. கல்கத்தாச் சீனரின் நடமாட்டத்திற்கும் கட்டுப்பாடுகள் வந்தன. பலர் கனடா முதலிய நாடுகளுக்குச் சென்றனர். எஞ்சியவர்கள் கடையைத் திறந்து வைத்தனர்.

இங்கே பெயரைப் பற்றி மீண்டும் ஒரு செய்தி. பூத் ஜொலோகியாவிற்கு நெருங்கிய உறவான மிளகாய் இனத்திற்குத் தாவர நூலார் இட்ட பெயர், கேப்சிகம் சைனன்சே. 'சீனத்துக்குரியது' என்பது பொருள். அது சீனத்தில் தோன்றியது என்று பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் ஜாக்வின் தவறாக எண்ணியதன் விளைவு அது. பிழை தெரிந்த பின்பும் பெயர் நிலைத்துவிட்டது. அதனால் செடிக்கு யாதொரு தீங்கும் இல்லை. தாங்ராவிலும் அஸ்ஸாமிலும் பிறந்து வளர்ந்த மக்களுக்கோ, அதே 'சீனர்' என்னும் பெயர் வீட்டையும் உரிமையையும் இழக்கக் காரணமாயிற்று.

நம் நாக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்குள் ஓர் அயல்நாட்டுக் காயை நம்முடையதென ஏற்றுக்கொண்டது. அந்தப் பெருந்தன்மையை மனிதரிடத்தும் காட்டுவது நம் கடமையாகும்.