முதுமையும் இதயத்தின் நரம்புக் கட்டுப்பாடும்: மும்பை ஆய்வுகள்

இதயம் தானாகவே துடிக்கும். எவ்வளவு வேகமாக, எவ்வளவு வலுவாகத் துடிக்க வேண்டும் என்பதை நரம்புகள் நேரத்துக்கு நேரம் மாற்றியமைக்கின்றன. பரிவு நரம்புகள் துடிப்பை முடுக்கிவிடும். மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு அதைத் தணிக்கும். வயது ஏற ஏற இரண்டின் பிடியும் தளர்கிறது. மும்பையில் பரேலிலும் டிராம்பேயிலும் நடந்த ஆய்வுகள் முதுமையை மட்டும் குறிவைத்தவை அல்ல. ஆனாலும் நரம்புக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை அறிவதில் அவற்றுக்கு முக்கியப் பங்கு உண்டு.

தொடக்கம் ஒரு மூலிகை. பரேலிலுள்ள கே.இ.எம். மருத்துவமனையின் இதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், உயர் ரத்த அழுத்தத்துக்குச் சர்ப்பகந்தி வேரைக் கொடுத்துக் கண்ட பலனை 1949இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்டார். நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாகப் புழங்கிய வேர் அது; உலக மருத்துவர்களின் கவனத்தை அதன்பக்கம் திருப்பியது இந்தக் கட்டுரைதான். 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தார் அதிலிருந்து ரிசர்பைனைப் பிரித்தெடுத்தனர். பரிவு நரம்பு முனைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் நார்அட்ரினலினை இம்மருந்து வடித்துவிடுகிறது என்பது பின்னர் தெரியவந்தது. இதயத்தை அடக்க நரம்பை அடக்கினால் போதும் என்பதை அந்த வேர் காட்டியது. 1957இல் வக்கீலுக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. ஆனால் ஏற்கெனவே நரம்புப் பிடி தளர்ந்த முதியவர்களுக்கு இதே மருந்து எழுந்து நிற்கையில் மயக்கத்தையும், மனச்சோர்வையும் தரக்கூடும். இன்று அவர்களுக்கு இதை மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை.

அதே மருத்துவமனையின் இதய மருத்துவர் கே.கே. தாதேயும் அவருடைய குழுவினரும் மருந்தில்லாத வழி ஒன்றைச் சோதித்தனர். நாள்தோறும் அரைமணி நேரம் சவாசனம் செய்த நோயாளிகள் பலருக்கு ரத்த அழுத்தம் குறைந்ததை 1969இல் ஆஞ்சியாலஜி இதழில் பதிவுசெய்தனர்.

மறு ஆண்டு வெளிநாட்டில் ஜோஸ், காலிசன் என்ற ஆய்வாளர்கள் செய்த அளவீடு இத்துறைக்கே திருப்புமுனை என்பேன். மருந்து கொடுத்து இருவகை நரம்புகளையும் தடுத்துவிட்டு, இதயத்தின் சொந்த வேகம் எவ்வளவு என்று பார்த்தார்கள். 118.1இலிருந்து வயதை 0.57ஆல் பெருக்கிக் கழித்தால் அந்த வேகம் வரும். 20 வயதில் அது நிமிடத்துக்குச் சுமார் 107. 70 வயதில் 78. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இருவருக்குமே நாடி 70 என்று வைத்துக்கொள்வோம். இளைஞரின் வேகஸ் 37 துடிப்புகளை இழுத்துப் பிடித்திருக்கிறது, முதியவருடையது 8தான். ஆக, நாடி பார்த்தால் மட்டும் முதுமை தெரிவதில்லை. பரிவு நரம்புப் பக்கமும் இதே கதைதான்: ரத்தத்தில் நார்அட்ரினலின் கூடுகிறது, இதயமோ முன்போல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை.

தளர்ச்சியை வெளியிலிருந்தே அளக்கலாம். மூச்சை இழுக்கையில் நாடி விரையும், விடுகையில் மெதுவாகும். வேகஸின் வேலையான இந்த ஏற்ற இறக்கம் வயதோடு சுருங்குகிறது. செம்பூருக்கு அடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் மின்னணுப் பொறியாளர்கள், உடல்வழியே உணரமுடியாத மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி ரத்த ஓட்ட மாற்றங்களைப் பதியும் கருவிகளை உருவாக்கினார்கள். ஜி.டி. ஜிண்டால் போன்றோரின் நெடுநாள் உழைப்பு இது. அவற்றுள் ஒன்றான பெரிஃபரல் பல்ஸ் அனலைசர், ஊசி குத்தாமலே துடிப்புக்குத் துடிப்பு நேரும் வேறுபாட்டைக் கணக்கிடுகிறது.

இந்தத் தளர்ச்சியின் விலை வீட்டுக்குள்தான் தெரியும். எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேற்பட்ட ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலுள்ள உணரிகள் அதை அறிந்து நாடியை விரைவுபடுத்தி, ரத்தக் குழாய்களைச் சுருக்க வேண்டும். முதியவர்களிடம் இது தாமதமாகிறது. தாராவியில் பரணுக்குச் செங்குத்தான ஏணியில் ஏறும் பாட்டிக்கும், மாட்டுங்காவில் விடியற்காலையில் குளியலறைக்கு எழும் தாத்தாவுக்கும் கண் இருட்டிக்கொண்டு வருவது இதனால்தான். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும், புரோஸ்டேட்டுக்குத் தரும் சில மாத்திரைகளாலும் அழுத்தம் இறங்கலாம்.

கண்டறிவது எளிது. ஐந்து நிமிடம் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்து, எழுந்து நின்றபின் முதலாம், மூன்றாம் நிமிடங்களில் மறுபடி பார்க்க வேண்டும். மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ இறங்கினால் குறைபாடு உண்டு. கூட்டம் மிகுந்த மருத்துவமனையில் நோயாளியை உட்காரவைத்து ஒருமுறை மட்டும் பார்த்து அனுப்புவதால் இது தவறிப்போகிறது. நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதே நரம்புகள் வயதுக்கு முன்பே சேதமடைகின்றன. மாரடைப்பு வந்தும் நெஞ்சுவலி தெரியாமல், வெறும் வியர்வையும் மூச்சிரைப்புமாக அவர்கள் மருத்துவமனைக்கு வருவதுண்டு.