'பொது' என்பதில் ஒளிந்த ஒருமை

யூனிக்ஸின் சி நூலகத்தில் கடைசியாக நேர்ந்த பிழையின் எண் 'எர்நோ' என்கிற ஒரே பொதுமாறியில் இருந்தது. ஒரு நிரலுக்குள் ஒரே ஓட்டம்தான் என்கிற நம்பிக்கை. இழைகள் பெருகியதும் ஒன்றின் பிழையை மற்றது அழித்தது. 1995-இன் போசிக்ஸ் தரம் அதை இழைக்கொன்றாகப் பிரித்தது.

2005-இல் ஃப்யூஸ் லினக்ஸ் கெர்னலில் சேர, கோப்பமைப்பு கட்டும் அதிகாரம் சாதாரணப் பயனருக்கும் வந்தது. பழைய நம்பிக்கை மட்டும் போகலை. கோப்புப் பட்டியலைப் பொதுமாறியில் வைத்து, ஒரே நிரலில் இரண்டு கோப்பமைப்புகளை மவுண்ட் செய்தேன். அதன் கோப்பு இதில் தெரிந்தது. லிப்ஃப்யூஸின் எளிய இடைமுகம் நம் செயற்கூற்றுக்குக் கோப்பின் பாதையைத் தரும். எந்தக் கோப்பமைப்புக்கான அழைப்பு என்று தராது. நாமாகத்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

யாராவது 'பொது' என்றால் இப்போது நான் கேட்பது: அங்கே எத்தனை பேருக்கு இடம்?