தரங்கம்பாடி: கப்பல் வராத 26 வருஷம்

மூணு நாள் சேர்ந்தாப்போல லீவு வந்தால் பெங்களூர் பாதி காலி. முந்தின நாள் ராத்திரி மடிவாளா பக்கம் ஆம்னி பஸ் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆபீஸில் கன்னடக்காரர்கள் கோகர்ணம், வடக்கத்திப் பசங்க கோவா, நம்ம ஆட்கள் பாண்டிச்சேரி. "இந்த வருஷமாவது பிள்ளைகளுக்கு ஒழுங்கா ஒரு கடற்கரையைக் காட்டுங்க" என்று தங்கமணி உத்தரவு போட்டாச்சு. நான் தரங்கம்பாடி என்றேன். "அங்க என்ன இருக்கு? ஒரு கோட்டை, ஒரு கடல். அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்."

அது ஒருவகையில் உண்மைதான். ஆனால் அந்த அரை மணி நேரத்துக்குள் 400 வருஷம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சாயங்காலம் பெங்களூரில் ரயில் ஏறினால் காலையில் மயிலாடுதுறை. அங்கே அப்பா காத்திருந்தார். தரங்கம்பாடிக்கு இன்னும் 30 கிலோமீட்டர் காரில். "எங்க காலத்துல கடல் வரைக்கும் ரயில்லயே போவோம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். உண்மைதான். 1926-இல் போட்ட மீட்டர் கேஜ் பாதை அது. 1986-இல் நிறுத்திவிட்டார்கள். இந்த ஊரின் கதையே இப்படித்தான். ஒரு காலத்தில் வந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று பிறகு வராமல் போய்விடும்.

தரங்கம் என்றால் அலை, பாடி என்றால் ஊர். டேனிஷ்காரர்கள் வாயில் இது 'டிராங்கபார்' ஆனது. அவர்கள் வருவதற்கு 300 வருஷம் முன்பே இது ஊர்தான். கடலை ஒட்டி நிற்கும் மாசிலாமணி நாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். "டேனிஷ்காரர்கள் உருவாக்கிய ஊர்" என்று யாராவது சொன்னால் அந்தக் கோயிலைக் காட்டுங்கள். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. பிற்பாடு திருப்பணி நடந்து, அலையைத் தடுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள்.

சரி, டென்மார்க் எங்கே, தஞ்சாவூர் எங்கே? ஆங்கிலேயரும் டச்சுக்காரர்களும் மிளகு வியாபாரத்தில் சம்பாதிப்பதைப் பார்த்த டென்மார்க் ராஜா நான்காம் கிறிஸ்டியன், 1616-இல் தானும் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பித்தார். 1618-இல் ஓவே கியெட்டே என்ற இளைஞர் தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. முதல் இலக்கு இலங்கை. அங்கே காரியம் நடக்கவில்லை. இதற்கிடையே முன்னால் வந்த ஒரு கப்பலைப் போர்ச்சுகீசியர் காரைக்கால் பக்கம் மூழ்கடித்துவிட்டார்கள். அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே எப்படியோ தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார். 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது. கோட்டை கட்டிக்கொள்ளலாம், வியாபாரம் செய்யலாம், வருஷாவருஷம் நாயக்கருக்குக் கப்பம் கட்ட வேண்டும். அப்போது நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்கு அனுப்பிய தங்க ஓலை இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது.

அப்படிக் கட்டியதுதான் டான்ஸ்போர்க் கோட்டை. கீழ்த்தளத்தில் சரக்கும் சிறையும், மேல்தளத்தில் கவர்னரும் பாதிரியாரும். இப்போது தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். சின்னவனுக்குப் பீரங்கி போதும். எனக்கு அங்கே நின்றபோது நினைவுக்கு வந்தது வேறு ஒரு ஆள்.

டென்மார்க் ஐரோப்பாவில் போர்களில் மாட்டிக்கொண்டு நொடித்துப் போனது. 1643-இல் ஒரு கப்பல் வந்தது. அதன்பிறகு 1669 வரை தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. 26 வருஷம்! கம்பெனியையே 1650-இல் கலைத்துவிட்டார்கள். இங்கே இருந்தவர்களோ சண்டை போட்டுக்கொண்டார்கள், செத்தார்கள், ஓடிப்போனார்கள். 1655-இல் தலைமை ஏற்க மிஞ்சியவர் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. பெரிய குடும்பத்துப் பிள்ளை இல்லை, சாதாரண ஆள். கப்பம் கேட்டு நாயக்கர் படை வரும்போதெல்லாம் ஊர்க்காரர்களை வைத்துக்கொண்டு சமாளித்தார். ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். அதற்குப் பணம்? வங்காளக் கப்பல்களைக் கொள்ளையடித்துத்தான். உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. அதே நூற்றாண்டில் இந்தத் துறைமுகத்திலிருந்து டேனிஷ்காரர்கள் அடிமைகளையும் ஏற்றி விற்றிருக்கிறார்கள். அதையும் சேர்த்துத்தான் இந்தக் கோட்டையைப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் அந்த மனிதரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. "ரெண்டு வருஷம் இருந்துட்டு ஊருக்குத் திரும்பிடலாம்" என்று நானும் பெங்களூர் வந்தவன்தான். நமக்கு வாரக்கடைசியில் ரயில் இருக்கிறது, தினமும் போன் இருக்கிறது, அப்படியும் புலம்புகிறோம். 1669-இல் கடைசியாக ஒரு கப்பல் வந்தபோது, கோட்டையில் டென்மார்க் கொடி பறந்துகொண்டிருந்தது. அவரையே கவர்னராக உறுதி செய்தார்கள். ஊர் திரும்பாமல் 1674-இல் செத்துப்போனார்.

அடுத்த கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1706 ஜூலை 9 அன்று இரண்டு ஜெர்மானியர்கள் இங்கே இறங்கினார்கள், சீகன்பால்கு மற்றும் புளூட்சோ. டென்மார்க் ராஜா அனுப்பிய லூத்தரன் போதகர்கள். சீகன்பால்குக்கு அப்போது வயது 24. ஒரு தமிழ் வாத்தியாரைப் பிடித்து, அவருடைய திண்ணைப் பள்ளிக்கூடத்தைத் தன் வீட்டுக்கே வரவழைத்தார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். இரண்டே வருஷத்தில், திருக்குறள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்துப் பட்டியல் போட்டுவிட்டார். அதே 1708-இல் டேனிஷ் கவர்னரோடு மோதி, இந்தக் கோட்டையிலேயே நாலு மாதம் சிறையில் கிடந்தார்.

பிறகு அச்சு இயந்திரம் வந்தது, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. அவை ரொம்பப் பெரிசு, காகிதம் தாங்கவில்லை. ஆகவே சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள், பொறையாரில் காகித ஆலையும் வைத்தார்கள். தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. இங்கே ஒரு திருத்தம்: "இந்தியாவின் முதல் அச்சுக்கூடம் இது" என்று பலர் சொல்வார்கள். இல்லை. கோவாவில் 1556-லேயே அச்சு வந்துவிட்டது. தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சானது. நடுவில் விட்டுப்போன தமிழ் அச்சுக்கு மறுபடி உயிர் கொடுத்தது தரங்கம்பாடி என்று சொன்னால் சரி. பெருமைக்கு அதுவே போதும்.

நம் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-இல் ஒரு பெரிய புத்தகமே எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். "அந்த மதத்தை ஒழிக்கத்தான் அனுப்பினோம், இங்கே பரப்புவதற்கு இல்லை" என்ற ரீதியில் பெரியவர்கள் அதை ஓரங்கட்டிவிட்டார்கள். 1867-இல்தான் அச்சேறியது. அவர் 1719-இல் 36 வயதில் இறந்து, தான் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமானார். ராஜ வீதியில் நடந்தால் அந்த ஆலயம் வரும். வீதி முனையில் 1792-இல் கட்டிய நுழைவாயில்.

நெப்போலியன் காலப் போர்களில் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து, பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். வியாபாரம் மட்டும் திரும்பவில்லை. 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். கொஞ்ச நாள் கலெக்டர் ஆபீஸ் இருந்தது, 1860-இல் அதுவும் தஞ்சாவூர் போனது. அதே காலத்தில் ரயில் நாகப்பட்டினத்துக்கு வர, துறைமுகமும் அங்கேயே நிலைத்தது. ஊர் அப்படியே தூங்கிவிட்டது. தூங்கியதால்தான் பழைய தெருக்கள் பிழைத்தன.

2004 டிசம்பர் 26 பற்றி அப்பாதான் சொன்னார். சுனாமியில் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கான பேர் போனார்கள். பெரும்பாலும் மீனவக் குடும்பங்கள். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன்: இங்கே கடலைப் பார்க்கலாம், காலை நனைக்கலாம், இறங்கிக் குளிக்க வேண்டாம். "ஓசோன் காற்று" என்று சொன்னாலும் நம்ப வேண்டாம். தரைமட்டத்தில் ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல், கடல் வாசனை பெரும்பாலும் பாசியிலிருந்து வருவது. பக்கத்திலேயே திருக்கடையூர், வடக்கே பூம்புகார், தெற்கே காரைக்கால். இரண்டு நாள் தாராளமாகப் போதும்.

மாலையில் மணலில் உட்கார்ந்திருந்தோம். பெரியவளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், கன்னடம், இந்தி. தமிழ் பேசுவாள், எழுதப் படிக்க வராது. நேரமில்லை என்று நாங்களும் விட்டுவிட்டோம். "அந்த ஜெர்மன் அங்கிளுக்கு யாருப்பா தமிழ் சொல்லிக் கொடுத்தாங்க?" என்றாள். சொன்னேன். "மணல்லயா?" என்றாள். அப்பா ஒன்றும் பேசாமல் அவள் விரலைப் பிடித்து ஈர மணலில் 'அ' போட்டார். அலை வந்து அழித்துவிட்டது. "மறுபடி எழுது" என்றார்.

பெங்களூர் திரும்பி மூணு மாசம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் தாத்தா பாடம் நடக்கிறது. இப்போது 'ஞ'வில் நிற்கிறாள். அது எனக்கே கொஞ்சம் தகராறுதான் :-)